எலும்புப்புரை வந்தவர் பாரம் தூக்கலாமா?

2024 மார்ச் 11, மாலை. தெகிவளை வாசகர் ஒருவரின் கேள்வி

அம்மாவுக்கு 68 வயது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கானில் இடுப்பு டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுப் போடும் எண்) -2.9 என்று வந்திருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்த டொக்டர், பிசியோ ஒருவரின் மேற்பார்வையில் பாரம் தூக்கும் பயிற்சியும் செய்யச் சொல்கிறார். எலும்பு பலமில்லை என்று சொன்ன அதே வாயால் பாரம் தூக்கு என்றால் எப்படி? வீட்டில் நாங்கள் தண்ணீர் வாளியைக்கூடத் தூக்க விடுவதில்லை. அம்மா தினமும் பின்னேரம் கடற்கரை ஓரமாக முக்கால் மணி நேரம் நடக்கிறா. அது போதும், மற்றதெல்லாம் காசு பிடுங்கும் வேலை என்பது என் கருத்து. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 11, இரவு

தம்பி, வாளியைத் தூக்க விடாததுதான் முதல் பிழை.

எனக்கு 61. வெள்ளவத்தை. நானும் நடந்தவள்தான். பத்து வருடம் விடியற்காலையில் மரீன் டிரைவில் நடந்து நடந்துதான் -2.8க்கு வந்து சேர்ந்தேன். நாளைக்கு எழுதுகிறேன், இடியப்பத்துக்கு மா குழைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 12

2022 ஒக்டோபர், நல்ல மழை. பல்கனியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். ஈரத்தரை வழுக்கியது, கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டு போனது. பிளாஸ்டர் போட்ட இடத்தில் ஒரு இளம் டொக்டர், "நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் தரையைக் குற்றம் சொல்லக்கூடாது அன்ரி, எலும்பைப் பார்க்க வேண்டும்" என்றார். டிசம்பரில் ஸ்கான். முதுகு -2.8, இடுப்பு -2.4. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்குப்படி -2.5உம் அதற்குக் கீழும் போனால் எலும்புப்புரை, -1க்கும் -2.5க்கும் நடுவில் இருந்தால் வாசலில் நிற்கிறோம். நான் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வாசலில்.

மாத்திரை தந்தார்கள், கிழமைக்கு ஒன்று. பயிற்சியும் செய்யுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. என்ன பயிற்சி, யாரிடம், எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே தொடங்கியது என் கூத்து. வயது வந்தவர்களுக்கான ஒரு வகுப்பு பக்கத்திலேயே நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். நாற்பது பேர், முன்னால் ஒருவர், ஒலிபெருக்கி. குனிந்து கால்விரலைத் தொடு, மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கு. ஆறாவது நாள் கால்விரலைத் தொட்டுவிட்டேன். பெருமையாக இருந்தது. நிமிர முடியவில்லை.

மூன்று கிழமை படுக்கை. பிறகு ஒரு கலியாண வீட்டுக்குக் கிளம்பும்போது சேலை தரையில் இழுபட்டது. அதே பாவாடை, அதே செருப்பு, அதே கொசுவம். சேலை வளராது, அதனால் குறைந்தது நான்தான். எக்ஸ்-ரேயில் எல்-1, அதாவது கீழ்முதுகின் முதல் முள்ளெலும்பு, முன்பக்கமாக நசுங்கியிருந்தது. வகுப்பில்தான் நசுங்கியதா, அதற்கு முன்பா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவர்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இனிப் போகமாட்டேன்.

மார்ச் 12, பின்னேரம்

மேலே எழுதியதை வாசித்து ஒருவர், "பார்த்தீர்களா, பயிற்சியால்தானே முறிந்தது" என்கிறார். அப்படியல்ல. பயிற்சியால்தான் என்றாலும், முன்னால் குனிகிற பயிற்சியால் வந்த வினையாகத்தான் இருக்கும் அது.

1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் செய்த ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. முதுகெலும்பில் புரை வந்த 59 பெண்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. குனிந்து வளைகிற பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். ஒன்றும் செய்யாதவர்களில் 67. ஆட்கள் குறைவு, அந்தக் காலத்து ஆய்வு, அச்சொட்டான எண்ணாக எடுக்க வேண்டாம். ஆனாலும் சும்மா இருந்தவர்களைவிட மோசமாகப் போனது எந்தக் கூட்டம் என்று பாருங்கள். நான் ஆறு நாள் பெருமையாகச் செய்தது அதைத்தான்.

மார்ச் 13

இடைக்குறிப்பு. முழங்கால் வலிக்கு இது சரிவருமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குற்றம் அவர்களுடையதல்ல, நம்முடைய சொல்லினுடையது. எலும்புத் தேய்வு, எலும்புத் தேய்மானம் என்று இரண்டு வியாதிக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம். முழங்காலில் தேய்வது மூட்டில் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. அது வலிக்கும், வீங்கும், படியேற விடாது. நான் சொல்வது எலும்புக்கு உள்ளே ஓட்டை பெரிதாகிக் கனம் குறைவது. அதற்கு வலியே இல்லை, முறியும் வரை. அதனால்தான் எலும்புப்புரை என்று எழுதுகிறேன். கண்புரையின் புரை அல்ல, புரையோடிய பல்லின் புரை. பள்ளிக்கூடத்தில் என்பு என்று படித்த ஞாபகத்தில் ஒருவர் என்புப்புரை என்று எழுதியிருக்கிறார். சொல்லிப் பாருங்கள், வாய் சுளுக்கும்.

மார்ச் 15

முதல் நாள் எழுதியதில் ஒரு அநியாயம் செய்துவிட்டேன். நடந்து நடந்து -2.8க்கு வந்தேன் என்றது பொய். மாதவிடாய் 46இல் நின்றது. முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமா) வருடக்கணக்காக அவ்வப்போது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட் மருந்து எடுத்தேன். எலும்பைத் தின்றவை இவை. நடை பாவம், அது தின்னவில்லை, தடுக்கவும் இல்லை.

ஏன் தடுக்கவில்லை என்பதுதான் தம்பியின் கேள்விக்கு விடை. எலும்பு கல் அல்ல. அதற்குள் பழையதைக் கரைக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. எங்கே கட்ட வேண்டும் என்று அவற்றுக்குத் தகவல் போவது எலும்பு கொஞ்சம் வளைந்து நெளியும்போது. ஜூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892இலேயே சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று எழுதிவிட்டார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையினதைவிடத் தடிப்பு. விண்வெளிக்குப் போனவர்களுக்கு எடையே இல்லாததால் இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதமும் அதற்கு மேலும் கரைகிறது. நீச்சலும் சைக்கிளும் எலும்புக்குப் பெரிதாக உதவாததற்கும் காரணம் இதுதான்: தண்ணீரும் இருக்கையும் நம்மைத் தாங்கிவிடுகின்றன.

1984இல் பறவையின் சிறகெலும்பை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையில், ஒரு நாளைக்கு 36 தடவை சுமை கொடுத்தாலே எலும்பு வளர்ந்தது. அதற்கு மேல் எத்தனை நூறு தடவை கொடுத்தாலும் கூடுதல் பலன் இல்லை. எலும்புக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே குணம். ஒரே விஷயத்தை ஐயாயிரம் தடவை சொன்னால் காதில் விழுத்தாது. நடை அந்த ஐயாயிரம் தடவை. பழகிய சுமை, பழகிய திசை. பாரம் என்பது ஒரு தடவை அழுத்திச் சொல்வது.

நடையை நிறுத்த வேண்டாம் தம்பி. சீனிக்கும் இதயத்துக்கும் அது வேண்டும். அம்மாவின் மனதுக்கும் அந்தக் கடற்காற்று வேண்டும்.

மார்ச் 19

"அப்படியென்றால் யூடியூப் பார்த்து வீட்டில் தூக்கலாமே" என்று ஒரு தங்கச்சி. நானும் நினைத்தேன். ஒரு கிலோ டம்பெல் இரண்டு வாங்கினேன். இப்போது அவை சுவாமி அறைக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொள்கின்றன.

2023 ஜூலையில்தான் ஒரு பிசியோவிடம் போய்ச் சேர்ந்தேன். சிங்களப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. வேலையில் பழகிய தமிழ் கொஞ்சம், மிச்சம் சிங்களம். எக்ஸ்-ரேயைப் பார்த்தாள். பிளட் பிரஷர், மாத்திரை, கடைசியாக எப்போது விழுந்தீர்கள், இரவில் எத்தனை தரம் எழும்புவீர்கள் என்று கேட்டாள். பாரம் தருவாள் என்று பார்த்தால் தும்புத்தடியைத் தந்தாள்!

தடியை முதுகோடு சேர்த்து நெட்டுக்குப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, தோள்களுக்கு நடுமுதுகு, இடுப்புக்குக் கீழே, இந்த மூன்று இடத்திலும் தடி தொட்டுக்கொண்டே இருக்க, இடுப்பிலிருந்து மட்டும் முன்னால் சாய வேண்டும். ஒரு இடம் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். லேசாகத் தெரிகிறது, இல்லையா? அறுபது வருடமாக முதுகால் குனிந்து கோலமும் போட்டு, பாத்திரமும் எடுத்தவளுக்கு இடுப்பு என்ற கீல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று கிழமை ஆனது. "கொந்த கெளின், அன்ரி, கொந்த கெளின்!" முதுகை நேராக வை என்பது. எனக்கு இப்போது கனவிலும் கேட்கிறது.

மேற்பார்வை என்றால் பக்கத்தில் நின்று எண்ணுவது என்று நினைத்திருந்தேன். எண்ணுவதற்கு என் பேரன் போதும். அவள் பக்கவாட்டில் நின்று முதுகைப் பார்க்கிறாள். நாலாவது தடவை களைத்து முதுகு வளையத் தொடங்குவது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். யூடியூப்காரருக்கு நான் களைத்தது தெரியப்போவதில்லை. ஒலிபெருக்கிக்காரருக்கும் தெரியவில்லை.

மார்ச் 19, இரவு

மேலே எழுதியதில் பாதிதான் இருக்கிறது. பிழை பிடிப்பது மேற்பார்வையின் ஒரு பக்கம். மறுபக்கம், பாரத்தைக் கூட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். நான் தனியாக இருந்திருந்தால் அந்த ஒரு கிலோவோடு எண்பது வயது வரை பத்திரமாக இருந்திருப்பேன், எலும்பும் பத்திரமாகக் கரைந்திருக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், "இன்னும் எத்தனை தூக்க முடியும்?" என்பாள். நாலைந்து என்றால் அடுத்த முறை பாரம் கூடும். ஒன்றுதான் என்றால் அப்படியே இருக்கும். முதல் மாதம் முழுக்க ஒன்றுதான் என்று பொய் சொன்னேன். பிடித்துவிட்டாள். சம்பல் அரைக்கும் முறையைக் கதைத்துக்கொண்டே தூக்குகிறவருக்குப் பாரம் போதாது என்பது அவள் கணக்கு.

மார்ச் 21

ஆதாரம் கேட்டவருக்கு. அவுஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர் செய்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வு, 2018இல் அச்சில் வந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். பாதிப் பேர் கிழமைக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், ஆள் பார்த்துக்கொண்டு நிற்கக் கனமான பாரம் தூக்கினார்கள். ஐந்தைந்து தடவையாக ஐந்து சுற்று. ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடை எதுவோ, அதில் 80, 85 சதவீதம். குதித்து இறங்குவதும் உண்டு. மற்றப் பாதிப் பேர் வீட்டில் இலேசான பயிற்சி. எட்டு மாதத்தில் தூக்கியவர்களுக்கு இடுப்புக்கு மேலான முதுகெலும்பில் 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசாகச் செய்தவர்களுக்கு 1.2 குறைந்தது. தூக்கியவர்களில் ஒருவருக்கு முதுகில் சின்னதாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் சேதம்.

என் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும் டம்பெல் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

மார்ச் 22

ஒரு டொக்டர் வாசகர் காதைத் திருகியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். 101 பேரை வைத்து எலும்பு அடர்த்தியைச் சொல்லலாம், எத்தனை முறிவு தவிர்ந்தது என்று சொல்ல முடியாது. மாத்திரைக்குப் பதிலாகப் பயிற்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. நான் இரண்டும் செய்கிறேன். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்காரர்கள் "பயிற்சிதான் செய்கிறேனே" என்று தவணையைத் தள்ளிப்போடவே கூடாது என்றும் அவர் எழுதச் சொன்னார். தள்ளிப்போனால் எலும்பு கெதியாகக் கரைந்து முள்ளெலும்புகள் வரிசையாக நசுங்கக்கூடும்.

ஏப்ரல் 17

வருடப்பிறப்பு முடிந்து வந்து பார்த்தால் இழை எங்கேயோ போய்க் கிடக்கிறது. எலும்புச் சூப் குடித்தால் எலும்பு வளருமா என்று இருபது பதில். வளராது. அந்த ருசிக்காகக் குடியுங்கள்.

நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள். குரக்கன் நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, பிட்டாக அவிக்கலாம். எங்கள் வயதில் ஒரு நாளைக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள். வைட்டமின் டி பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் நாங்கள் குடை இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. எனக்கு நன்றாகக் குறைந்திருந்தது. சாப்பாட்டுக் கதை இவ்வளவு போதும்.

ஞாயிறு காலை அலெண்ட்ரோனேட் மாத்திரை மட்டும் பெரிய தண்டனை. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, தேத்தண்ணியும் கூடாது. பக்கத்து வீட்டுத் தேத்தண்ணி வாசம் அந்த அரை மணியில்தான் வரும்.

மே 25

வெசாக் கூடு பார்க்கப் போய்க் கால் ஓய்ந்து கிடக்கிறேன். அதனால் சின்னக் கணக்கு மட்டும். நான் 54 கிலோ. தரையிலிருந்து தூக்குவது போன ஆகஸ்டில் 8 கிலோவில் தொடங்கி இப்போது 27. ஒரு காஸ் சிலிண்டர் பன்னிரண்டரைக் கிலோ, நான் இரண்டு சிலிண்டர் தூக்குகிறேன்! 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாளில் இந்த உடம்பு இருந்திருந்தால் ஒருவரையும் கெஞ்சியிருக்க வேண்டாம்.

மே 26

பன்னிரண்டரை என்பது உள்ளே இருக்கும் காஸ் மட்டும், இரும்பைச் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு என்று நாலு ஆம்பிளைகள் ஓடோடி வந்து திருத்தியிருக்கிறார்கள். சரி, ஒரு சிலிண்டர். நிரம்பியது. உங்கள் வீட்டில் அதை யார் மாற்றுகிறார்கள் என்றும் எழுதுங்கள் பார்க்கலாம்.

ஜூன் 30

குதிப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்குக் கிடையாது. லிஃப்ட்மோரைக் காட்டிப் பிசியோப் பிள்ளையோடு வாதாடினேன். "அவர்கள் குதித்தார்கள் அன்ரி, அவர்களுக்கு உங்கள் எல்-1 இல்லை" என்று முடித்துவிட்டாள். முள்ளெலும்பு நசுங்கியவர்களுக்கு அதிர்வு குறைவாக இருக்க வேண்டுமாம், வேகநடை அளவுக்கு. கடைசியில் ஒரு சமரசம்: சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி, குதிகாலை மெத்தென்று தரையில் இறக்குவது. பத்து, பிறகு ஓய்வு, பிறகு பத்து.

இரண்டாம் கிழமை கீழ் வீட்டு மாமி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "பிள்ளை, காலமை காலமை என்ன இடிக்கிறாய், அரிசிமாவா? இடித்தால் எனக்கும் ஒரு சுண்டு தா."

நான் மெத்தென்று இறக்கவில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. மேற்பார்வை கீழ்மாடியிலிருந்தும் வரலாம்.

ஜூலை 9

காசு. இதைத் தவிர்த்துக்கொண்டே வந்தேன். தனியாரிடம் ஒரு தடவைக்குக் கொடுக்கிற காசில் ஒரு கிலோ பாரை மீன் வாங்கலாம். கிழமைக்கு இரண்டு பாரை மீன் எந்த ஓய்வூதியத்துக்கும் கட்டாது. தம்பி முதல் நாள் சொன்ன "காசு பிடுங்கும் வேலை"யில் கொஞ்சம் நியாயம் உண்டு.

நான் செய்தது: முதல் மூன்று மாதம் தனியாக. பிறகு என்னைப் போல இருவரைச் சேர்த்து மூன்று பேர் ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்டோம். மூன்று முதுகை ஒருத்தி பார்க்கலாம், நாற்பதைப் பார்க்க முடியாது. அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் டொக்டரின் கடிதத்தோடு போனால் பிசியோ இலவசம். காத்திருக்க வேண்டும், பாரம் கூட்டும் அளவுக்கு மாதக்கணக்கில் தொடர்வது கடினம், ஆனால் தும்புத்தடிப் பாடத்தை அங்கேயே படித்துவிடலாம். அது பெரிய காரியம்.

செப்டம்பர் 24

போன கிழமை காலி வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தரையில் படுமுன் பஸ் நகர்ந்துவிட்டது. முன்னால் தள்ளாடி இரண்டு எட்டு வைத்தேன், மூன்றாவதில் நின்றேன். கையில் கத்தரிக்காய்ப் பை. ஒரு கத்தரிக்காயும் விழவில்லை. கண்டக்டர் "பய வென்ன எப்பா அம்மே" என்கிறான், பயப்படாதே அம்மா என்று. பயப்பட வேண்டியவன் அவன்.

2022இல் இதே நடந்திருந்தால் இடுப்பில் ஆணி அடித்திருப்பார்கள். இது பயிற்சியால்தான் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் கால் தானாக முன்னால் போன வேகம் எனக்குப் புதிது. பாரத்தோடு சேர்த்துப் பிசியோப் பிள்ளை பழக்கியது அது: ஒரு குதிகாலை மற்றப் பாதத்தின் விரலில் முட்ட வைத்துக் கொரிடோர் நீளத்துக்கு நேர்கோட்டில் நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, பின்பக்கமாக நடப்பது. முதல் கிழமை ஒற்றைக்காலில் நாலு விநாடி நின்றேன். ஆடிவேல் பார்க்கப் போன அன்று கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே அரை நிமிடம் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் நேர்த்தி என்று நினைத்திருப்பார்.

இந்த இழையில் எலும்பைக் கட்டுவது பற்றியே நான் அதிகம் எழுதிவிட்டேன். இடுப்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. விழாவிட்டால் புரையோடிய எலும்பும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு, பயிற்சி செய்யும் முதியவர்கள் விழும் தடவைகள் ஏறக்குறைய 23 சதவீதம் குறைகின்றன என்கிறது. இதை மார்ச் மாதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பாரம் தூக்குகிற பெருமையில் மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 20

இன்று உலக எலும்புப்புரை நாள். அதற்காகவே பிடித்து வைத்திருந்த செய்தி: இரண்டாவது ஸ்கான் எடுத்தாயிற்று. அதே இடம், அதே மெசின். முதுகு -2.8இலிருந்து -2.4! கோட்டைத் தாண்டிவிட்டேன். கேசரி கிண்டிக் கீழ் வீட்டு மாமிக்கும் கொடுத்தேன். இடுப்பு அதே -2.4.

ஒக்டோபர் 21

கேசரியைத் திருப்பித் தரும்படி மாமியிடம் கேட்க முடியாது.

ஸ்கான் எடுக்கும் வேலையில் இருக்கும் வாசகர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்-1ஐயும் சேர்த்தா கணக்குப் போட்டார்கள்?" அறிக்கையைப் பார்த்தேன். எல்-1 முதல் எல்-4 வரை என்று இருந்தது. நசுங்கிய முள்ளெலும்பு அதே கல்சியத்தைச் சின்ன இடத்தில் அடைத்து வைத்திருப்பதால் ஸ்கானில் அடர்த்தி கூடியதுபோலக் காட்டும். முதல் ஸ்கான் எடுத்தபோது அது நசுங்கியிருக்கவில்லை. அதாவது என் முறிவைத்தான் முன்னேற்றம் என்று கேசரி கிண்டியிருக்கிறேன்.

ஒக்டோபர் 29

எல்-1ஐ விட்டு இரண்டு ஸ்கானையும் மறுபடி கணக்குப் போடச் சொன்னேன். முறுமுறுக்காமல் செய்து தந்தார்கள். முன்பு -2.9, இப்போது -2.8. மெசினின் பிழை வரம்புக்குள்ளேயே இது அடங்கிவிடும். மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் முகம் தொங்கிப்போயிருந்தேன். பிசியோப் பிள்ளை கேட்டாள்: "பயிற்சிக்கு முன்னால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது அன்ரி?" கீழே. "இப்போது?" நிற்கிறது. "தேறுவது போல நிற்பதும் வேலைதான்" என்றுவிட்டு முப்பது கிலோவை வைத்தாள். நின்றதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பாரத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரே உடம்பை வைத்துப் பிரிக்க முடியாது. மாத்திரைக்காரர்களும் பாரக்காரர்களும் சண்டை பிடிக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சேலை இந்த ஒன்றரை வருடத்தில் அதற்கு மேல் தட்டுப்படவில்லை. இதற்கு மெசின் பிழை கிடையாது.

நவம்பர் 18

வியாழன் வாக்களிக்க நின்ற வரிசையில் தெகிவளைத் தம்பியை நேரில் பார்த்தேன். இந்த இழையின் எட்டு மாதத்துக்கும் காரணமான ஆள், அம்மாவோடு நின்றார். வாக்களிக்க வந்த இடத்திலும் அம்மாவின் கைப்பையைத் தான் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாங்கி அம்மாவின் கையில் கொடுத்தேன்.

நாளை செவ்வாய், அம்மா எங்கள் மூவரோடு நாலாவதாக வருகிறா. முதல் நாள் பார்க்க மட்டும். தம்பி, என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டதற்கு: சேலை வேண்டாம், பஞ்சாபி போட்டு வரச் சொல்லுங்கள். வழுக்காத, மட்டமான அடியுள்ள சப்பாத்து. மருந்துத் துண்டுகள் எல்லாம். ஸ்கான் அறிக்கையோடு முதுகு எக்ஸ்-ரே படத்தையும் கொண்டு வாருங்கள், தாளை மட்டும் காட்டினால் பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவாள். எக்ஸ்-ரே எடுக்கவே இல்லையென்றால் எடுத்துவிட்டு வாருங்கள், ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை.

தும்புத்தடி அங்கே இருக்கிறது.